எட்டை அழிச்ச ஆளு

உட்காருங்க, உட்காருங்க. இந்த நாற்காலி ஆடாதுங்க, அந்தக் கடைசியில இருக்கறதுதான் ஆடும். முதல் தடவையா வர்றீங்களா? முகத்தைப் பார்த்தாலே தெரியுது. வெறும் வயித்துல ஒருக்கா ரத்தம் எடுத்துட்டாங்கல்ல, இனிச் சாப்பிட்டுப்போட்டு ரெண்டு மணி நேரம் இப்படியே உட்கார்ந்திருக்கணும். அப்புறம் இன்னொருக்கா குத்துவாங்க. நடுவுல எந்திரிச்சுப் போயிராதீங்க. அந்தக் கவுண்டர்ல இருக்கற அம்மிணி கூப்பிடறப்ப ஆள் இல்லீன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுரும். என்ன கொண்டாந்தீங்க, இட்லியா? நானும் இட்லிதானுங்க. என்ற ஊட்டுக்காரி கட்டிக்கொடுத்தா. எனக்கு இப்பத்தான் ரெண்டாவது ரத்தம் எடுத்தாங்க. இனி ரிசல்ட்டு வர்ற வரைக்கும் வேலை இல்லை.

எனக்கு ஊசின்னாலே ஆகாதுங்க. ரத்தம் எடுக்கறப்பக்கூட அந்தச் செவுத்துல ஒட்டியிருக்கற குழந்தைப் படத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். அதுக்கே இப்படின்னா, தினம் தினம் வயித்துல குத்திக்கிற இன்சுலின் ஊசி எப்படி இருக்கும், சொல்லுங்க. இன்னிக்கு வர்ற ரிசல்ட்டுலதான் அது தெரியப் போகுது. இருநூத்துக்குக் கீழ வந்தா மாத்திரையோட போகும். மேல போச்சுன்னா ஊசிதான்னு டாக்டரம்மா கண்டிசனாச் சொல்லிப்போட்டாங்க. அதனாலதான் வாய் ஓயாமப் பேசறேன், தப்பா நினைச்சுக்காதீங்க.

என்ற பேரு சென்னியப்பன். மில்லு ஆபீஸ்ல டைம் கீப்பரா இருந்து ரிட்டையர் ஆனவன்.

நடங்க நடங்கங்கறாங்க. எல்லா டாக்டரும் இதையேதான் சொல்றாங்க. நான் என்ன, நடக்க மாட்டேன்னா சொன்னேன்? நடக்கறக்கு நான் எப்பவுமே தயார். ஊர் உலகம்தான் விட மாட்டேங்குது. முதல்ல ஷூ இல்லாம இருந்துச்சு. ஷூ வாங்கினேன். வாங்கினதும் மழை புடிச்சுக்கிச்சு. புது ஷூவைச் சேத்துல வெச்சு நடக்க முடியுங்களா? மழை விட்டதும் பனி. பனி போனதும் வெயிலு. நம்ம கோயமுத்தூர்ல நடக்கறக்குத் தோதான காலம்னு ஒண்ணு வருதுங்க, வருசத்துல ஒரு வாரம். அந்த வாரம் பார்த்து என்ற மச்சினன் ஊட்டுக் கல்யாணம் வந்துருச்சு.

பார்க்குக்கும் போய்ப் பார்த்தேனுங்க. விடியக்காலம் அலாரம் அடிச்சுது, எந்திரிச்சேன், போனேன். சும்மா சொல்லக் கூடாது, நெம்ப நல்ல பார்க்கு. ஆனா அங்க நடக்கறவங்களைப் பார்த்தா எனக்கு ஒண்ணும் புரியலைங்க. கையை வீசிக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, ஏதோ பஸ்ஸை விட்டவங்க மாதிரி போறாங்க. எங்க போறாங்கன்னு பார்த்தா எங்கயும் போறதில்லை. சுத்திட்டுக் கிளம்பின எடத்துக்கே வர்றாங்க. எந்த மாடாவது அப்படி நடக்குமுங்களா? மேய்ச்சல் இருந்தா நடக்கும். தண்ணி இருந்தா நடக்கும். வேலை ஒண்ணும் இல்லீன்னா நிழலாப் பார்த்துப் படுத்து அசை போடும். மாட்டுக்கு இருக்கற புத்தி நமக்கு வேண்டாமா? இதை நான் டாக்டரம்மாகிட்டயே சொன்னேன். அவங்க, மாட்டுக்குச் சர்க்கரை முந்நூறு இல்லையேன்னுட்டாங்க.

ஆமாங்க, முந்நூறைத் தாண்டிருச்சு. மூணு மாசம் டைம் தர்றேன், கொறைக்கலீன்னா ஊசின்னாங்க. அது போன வருசம். அன்னிக்கு என்ற ஊட்டுக்காரி சுலோச்சனாவும் கூட வந்திருந்தா. அவளோட அப்பாவுக்குச் சர்க்கரையிலதான் காலு போச்சுங்க. முதல்ல விரலு, அப்புறம் பாதம். இவதான் கடைசி வரைக்கும் பக்கத்துல இருந்து பார்த்தா. அதனால என்னைவிட அவளுக்குத்தான் பயம். வெளிய காட்டிக்க மாட்டா. என்ற சாப்பாட்டுத் தட்டுல சோறு கொறைஞ்சா அவளுக்குப் பயம் வந்திருக்குதுன்னு அர்த்தம்.

சரி, இந்தத் தடவை விடறதில்லைன்னு நானும் முடிவு பண்ணினேன். எட்டு போடறது கேள்விப்பட்டிருப்பீங்களே? தரையில பெருசா எட்டு வரைஞ்சு அது மேலயே நடக்கறது. நம்ம மாடியில வரைஞ்சுட்டா மழையாவது பனியாவது, பார்க்காவது. எங்க அபார்ட்மென்ட் பழைய கட்டடமுங்க. நாலு மாடி, லிப்ட்டுங்கற பேச்சே கிடையாது. நாங்க முதல் மாடி. மொட்டை மாடி எல்லாருக்கும் பொது.

வரையறதை நான் சும்மா வரையலைங்க. வடக்கு தெற்கா இருக்கணும், அதுதான் முறை. செல்லுல திசை பார்த்து, கயிறு கட்டி, சாக்பீஸ்ல கோடு போட்டு, சுலோச்சனாவைக் கயித்தோட அந்த முனையைப் புடிக்கச் சொல்லி, அப்புறம்தான் செவப்புப் பெயிண்ட் அடிச்சேன். பெயிண்ட் எடுக்க ஒருக்கா, பிரஷ் எடுக்க ஒருக்கான்னு எத்தனை தடவை மாடிக்கும் கீழுக்கும் ஏறி எறங்கினேன்னு கணக்கே இல்லை. நல்லா காயட்டும், நாளைக்கு நடக்கலாம்னு படுத்தேன்.

காலையில கதவைத் தட்டறாரு அசோசியேசன் செக்ரட்டரி மோகனசுந்தரம். கல்வி ஆபீஸ்ல சூப்பரின்டென்ட்டா இருந்தவரு. இன்னும் ரிட்டையர் ஆனது அவருக்குத் தெரியாது.

"சென்னியப்பன், அது மொட்டை மாடியா, ஆர்.டி.ஓ. ஆபீசா? எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கப் போறீங்களா?"ன்னாரு.

"உடம்புக்குங்க"ன்னேன்.

விசயம் என்னன்னா, போன கோடையிலதான் எல்லாரும் சேர்ந்து மாடிக்கு வெயில் தாங்கற வெள்ளைப் பெயிண்ட் அடிச்சிருந்தோம். அதுமேல நான் செவப்பு அடிச்சது அவருக்குப் பொறுக்கலை. அதோட, எட்டோட தெக்குப் பக்கத்து வட்டம் அவங்க ஊட்டுத் துணி காயற கொடிக்குக் கீழ போகுது. நடந்தா அவரோட லுங்கி மூஞ்சியில படும். எட்டைக் கிழக்கு மேற்காத் திருப்பிப் போடுங்கன்னாரு. திசையை மாத்தச் சொல்றக்கு இவரு யாருங்க? நீங்க கொடியைக் கிழக்கு மேற்காத் திருப்பிக் கட்டுங்கன்னேன். அவ்வளவுதான், பத்திக்கிச்சு. பொதுக்குழுவுல முடிவு பண்ணலாம், அது வரைக்கும் எட்டுல யாரும் காலு வெக்கக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டிட்டாரு.

ஒரு மனுசன் நடக்கறக்கு ஆசைப்படறான். அவனை நடக்க விட மாட்டேங்கறாங்க. இது அநியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

சுலோச்சனா, "எதுக்குங்க வம்பு, திருப்பித்தான் போட்டுட்டுப் போங்களே"ன்னா. நான் கேட்கலை. ஒவ்வொரு ஊடாப் போனேன். போன்ல பேசியிருக்கலாம்ல அப்படீங்கறீங்களா? நம்ம பக்கம் போன்ல சொன்னா மதிப்பாங்களா? கல்யாணப் பத்திரிகையைப் போன்ல அனுப்பினா வருவாங்களா? நேர்ல போய், உட்கார்ந்து, சர்க்கரை இல்லாம ஒரு காப்பி குடிச்சு, நல்லது கெட்டது பேசி, அப்புறம்தான் எட்டு விசயத்துக்கு வரணும். காலையில போனா ஊட்டுக்காரர் இருக்க மாட்டாரு, அந்தம்மா அவர்கிட்டச் சொல்லுங்கன்னும். பொழுதோட, வெளக்கு வெச்சதும், மறுபடி ஏறுவேன். நான் நாலாம் மாடிக்குப் போயிட்டு வந்தேன்னு தெரிஞ்சா மோகனசுந்தரம் பின்னாடியே போய் அவங்க மனசைக் கலைப்பாரு. நான் மறுபடி ஏறி மனசைச் சரி பண்ணிட்டு வருவேன்.

வாடகைக்கு இருக்கறவங்களுக்கு ஓட்டு கெடையாதுங்க. அதனால ஓனருங்களைத் தேடிப் போக வேண்டியதாப் போச்சு. ஒருத்தர் ஒண்டிப்புதூர்ல, ஒருத்தர் இருகூர்ல. பஸ்ஸுக்கு நிக்கற பொறுமையெல்லாம் எனக்கு இல்லை. மோகனசுந்தரம் சொன்னதை நினைச்சுக்கிட்டே நடப்பேன். அவரு இப்படிக் கேட்டா நான் இப்படிச் சொல்லணும்னு மனசுக்குள்ள பேசிக்கிட்டே போவேன். பார்த்தா ஊரு வந்திருக்கும். கோவத்துல நடந்தா தூரமே தெரியறதில்லைங்க. அலைச்சல்னா அலைச்சல். பேன்ட் இடுப்புல நிக்கலை. டென்சன்ல இளைச்சே போயிட்டேன். படுத்தாக் கட்டை மாதிரி தூக்கம், அதுவும் அலுப்புலதான்.

பொதுக்குழு நடந்துச்சு. ஜெயிச்சுட்டமுங்க. எட்டு இருக்கற எடத்துலயே இருக்கலாம், கொடியைக் கொஞ்சம் நகர்த்திக் கட்டணும்னு தீர்மானம். மோகனசுந்தரம் எழுந்து வந்து என்ற கையைக் குலுக்கினாரு. பெரிய மனுசன்தான், இல்லீன்னு சொல்ல மாட்டேன்.

அடுத்த வாரம் இதே லேப்ல டெஸ்ட்டு. எடுத்துட்டு டாக்டரம்மாகிட்டப் போனா, சர்க்கரை சர்ருனு எறங்கியிருக்குது. நூத்தி அறுபதோ என்னமோ. டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டிப்போட்டு, "என்ன பண்ணினீங்க?"ன்னு கேட்டாங்க.

"ஒண்ணுமே பண்ணலீங்க. எட்டுல காலே வெக்க விடலை. மூணு மாசமா மாடி ஏறி எறங்கறதும் ஊர் சுத்தறதும்தான் வேலை. உடற்பயிற்சி பண்றக்கு நேரமே கெடைக்கலைங்க"ன்னேன்.

டாக்டரம்மா சுலோச்சனாவைப் பார்த்தாங்க. சுலோச்சனா அவங்களைப் பார்த்தா. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. எனக்கு எதுக்குன்னு தெரியலை. சுலோச்சனா கொடுக்கற வெந்தயத் தண்ணியாலதான் கொறைஞ்சிருக்கும்னு நான் விளக்கினேன். எட்டு இல்லாமயே இவ்வளவுன்னா, எட்டும் சேர்ந்தா எங்க போய் நிக்கும் பாருங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.

அப்புறம் என்ன, எட்டு நம்ம கைக்கு வந்துருச்சு. மறுநாள் காலையில அந்த ஷூவைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கிட்டு மாடிக்குப் போனேன். நடந்தேனுங்க, பொய் சொல்லலை. நாலு சுத்து வந்தேன். வடக்கே போனா தெற்கே திரும்புது, தெற்கே போனா வடக்கே திரும்புது. தடுக்கறக்கும் ஆளில்லை, கேட்கறக்கும் ஆளில்லை. எதிர்த்தாப்புல காக்கா ஒண்ணு உட்கார்ந்து என்னையே பார்க்குது. ஒரு மாதிரி ஆயிருச்சு. ரெண்டாம் நாள் மேகமா இருந்துச்சு. மூணாம் நாள் இந்தக் கல்யாணியம்மா, மூணாவது மாடி, எட்டோட ரெண்டு வட்டத்துக்குள்ளயும் வத்தல் காயப் போட்டிருந்தாங்க. வட்டம் அளவாத் தோதா இருக்குதுன்னாங்க. நான் பெருந்தன்மையா விட்டுட்டேன். எட்டு எங்க ஓடிப் போகுது? நம்ம எட்டு, நாளைக்கு நடந்துக்கலாம். எப்ப வேண்ணாலும் நடக்கலாம்னு ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, அந்த நிம்மதியிலேயே சில மாசம் போயிருச்சு.

மறுபடி டெஸ்ட்டு. மறுபடி முந்நூறு.

டாக்டரம்மா இந்தத் தடவை சிரிக்கலை. இதுதான் கடைசி, அடுத்த டெஸ்ட்டுல எறங்கலீன்னா நான் ஒண்ணும் பண்றக்கில்லை, ஊசி ஆரம்பிச்சிரலாம், காலையும் பத்திரமாப் பார்த்துக்கங்கன்னாங்க. காலுன்னு சொன்னதும் சுலோச்சனா முகம் போன போக்கைப் பார்க்கணுமே. பஸ்ஸுல ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு அழுகறா. சத்தமே இல்லை. நான் என்னம்மிணி, என்னம்மிணிங்கறேன், திரும்பவே இல்லை. நாப்பது வருசம் கூட இருக்கறவ இப்படி அழுதா ஒரு மனுசனுக்கு எப்படி இருக்கும்? நாளையிலிருந்து எட்டுல நடக்கறேன், இது சத்தியம்னு அவ கையைப் புடிச்சுச் சொன்னேன். அவ என்னையே பார்த்துக்கிட்டிருந்தா.

அந்த வாரமே பாருங்க, அந்த அக்கிரமம் நடந்துருச்சு.

மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கிட்டிருக்கேன். மாடியில காயப் போட்ட துணியை எடுக்கப் போன சுலோச்சனா வந்து எழுப்பறா. "ஏனுங்க, சித்த மேல வந்து பாருங்க, நம்ம எட்டைக் காணோம்"ங்கறா. ஓடினேன். எட்டு இருந்த எடத்துல பளபளன்னு வெள்ளை. அதே வெயில் தாங்கற பெயிண்ட்டு. ஒரு துளி செவப்பு தெரியாம, பொறுமையா, ரெண்டு கோட்டிங் அடிச்சிருக்கறான். நான் நடக்கலாம்னு கிளம்பின வாரம் பார்த்து அடிச்சிருக்கறான் பாருங்க. என்ன வன்மம் இருக்கணும்.

நேரா மோகனசுந்தரத்துகிட்டப் போனேன். அந்தாளு குலதெய்வத்து மேல சத்தியம் பண்றாரு. அவரும் மேல வந்து பார்த்துட்டு, அடப்பாவமே, நானே வேண்ணா பெயிண்ட் வாங்கித் தர்றேன், புதுசா வரைஞ்சுக்கங்கன்னாரு. வேண்டாம்னுட்டேன். முதல்ல ஆளு கெடைக்கட்டும், அப்புறம் எட்டு. நியாயத்தைக் கண்டுபிடிக்காம அதுமேல நடந்தா உடம்புல ஒட்டுமா?

இதுல எனக்குச் சந்தோசம் என்னன்னா, சுலோச்சனா நெம்ப மாறிட்டா. முன்னெல்லாம் எதுக்கு வம்பு, எதுக்கு வம்பும்பா. இப்ப அவளே, "விடாதீங்க, விசாரிங்க"ங்கறா. காலையில எந்திரிச்சதும் இன்னிக்கு யாரைப் பார்க்கப் போறீங்கன்னு கேக்கறா. "நாலாம் மாடிக்காரங்க ஒரு மாதிரி முழிச்சாங்க, மறுக்கா போய்க் கேளுங்க"ங்கறா. "அந்தப் பெயிண்ட் எந்தக் கடையில விக்குதுன்னு பார்த்தா வாங்கின ஆளு தெரிஞ்சிரும்ல"ன்னா. எனக்கே அது தோணலைங்க. அதுலிருந்து திருச்சி ரோட்டுல இருக்கற ஒவ்வொரு ஹார்டுவேர் கடையா ஏறி எறங்கறேன். ஒரு நாள் வெயிலு ஜாஸ்தியா இருக்குது, ஆட்டோவுல போறேன்னேன். "ஆட்டோவுல போய் எறங்கினா கடைக்காரன் உசாராயிருவான், நடந்து போனாத்தான் சந்தேகம் வராது"ன்னா. அவளுக்கு இவ்வளவு மூளை இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை.

எட்டு காணாமப் போன அன்னிக்கு அவ முழங்கையில வெள்ளைப் பெயிண்ட் இருந்துச்சுங்க. நான் விட மாட்டேனே, கேட்டுட்டேன். "ஈரமா இருக்குதான்னு தொட்டுப் பார்த்தேன், எப்ப அடிச்சதுன்னு தெரிஞ்சுக்கறக்கு"ன்னா. போலீஸ்காரங்கூட அப்படித்தான் பார்ப்பாங்க. முழங்கையில யாராவது தொட்டுப் பார்ப்பாங்களான்னு எனக்கும் ஒரு நிமிசம் தோணுச்சு. விரல்ல பட்டா அப்புறம் சோத்துல படும்னு முழங்கையில தொட்டிருப்பா. நெம்பச் சுத்தக்காரி.

இருங்க, அந்த அம்மிணி கூப்பிடுது. சென்னியப்பனா? நான்தாம்மிணி. இதோ வந்துட்டேன்.

...

என்னங்க இது, நூத்தி ஐம்பத்து நாலுன்னு போட்டிருக்குது. கண்ணாடி போட்டிருக்கீங்கல்ல, நீங்க ஒருக்காப் படிங்க. அதேதானா? பேரும் என்ற பேருதானா? அப்ப ஊசி இல்லைங்க. அப்பாடா. ஆனா எப்படிங்க? ராத்திரி பகலா மனசு கொதிக்குது, ஒரு எடத்துல உட்கார முடியலை, நடைப்பயிற்சிங்கறது அறவே இல்லை. இதுல சர்க்கரை எப்படி எறங்கும்? வெந்தயத்துக்கு இவ்வளவு சக்தி இருக்குதுங்க. நீங்களும் குடிங்க.

இருங்க, அவதான் போன் பண்றா. ஆமா சுலோ. வந்துருச்சு. நூத்தி ஐம்பத்து நாலு. அட ஆமாங்கறேன், பேரெல்லாம் பார்த்துட்டேன். ஊசி இல்லை. சுலோ? இருக்கறயா? என்ன இது, எதுக்கு இப்ப அழுகற? நல்ல சேதிதானே சொன்னேன். சரி, சரி. என்ன? இருகூர்லயா? புதுசா ஒரு பெயிண்ட் கடையா? யாரு சொன்னா? சரி, போற வழியில பார்த்துட்டே வந்துர்றேன். ஆட்டோவெல்லாம் இல்லை, நடந்துதான். வெச்சிரட்டுமா?

கேட்டீங்கல்ல. நான் கிளம்பறேனுங்க, இன்னிக்கு ஒரு துப்புக் கெடைச்சிருக்குது. நெம்ப நல்லவ என்ற ஊட்டுக்காரி, ஆனா மனசுதான் இளகினது. நேத்துப் பொழுதோட சாமி கும்பிடறா, நான் பின்னாடி நிக்கறது தெரியாது. "முருகா, அந்தாளு மட்டும் எந்தக் காலத்துலயும் இவரு கையில சிக்கவே கூடாது"ன்னு வேண்டிக்கிறா. நான் கோவத்துல அவனை அடிச்சுக்கிடிச்சுப் போட்டுருவேன்னு பயம் போல. நான் எங்கீங்க அடிக்கப் போறேன்? புடிச்சதும் அவன் மூஞ்சியைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்கணும். ஏனப்பா, என்ற உடம்பு மேல உனக்குக் கொஞ்சங்கூட அக்கறையே இல்லையான்னு.